நம் கடைத்தெரு வர்த்தகர் சங்கத்துக்குப் படிக்கட்டுக் கடையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் நம் கடைத்தெருவின் எல்லாக் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

தையல்கடை மாமா காலமாகிவிட்ட செய்தி, அவருடைய கருமாதி முடிந்து மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் நம் தெரு மரக்கறிக்காரரைத் தற்செயலாகக் கண்டோம். "நீங்கள் வரவில்லை என்றதும் அண்ணனுக்குத்தான் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தோம்" என்றார் அவர். என் கணவர் கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

முப்பது வருடங்களுக்கு மேலாக, காலை ஆறு மணிக்கு எங்கள் கடையின் முதல் பிளேன்டீ அந்த மாமாவுக்குத்தான். சீனியைத் தேநீரில் போடவிட மாட்டார். இடது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று நின்றபடியே குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைப்பார். எங்கள் பிள்ளைகளின் முதல் பாடசாலைச் சீருடையை அவர்தான் தைத்தார். மடித்துத் தைத்த விளிம்பில் மூன்று விரல் துணி விட்டிருப்பார், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட வேண்டும் என்று. அந்த மனிதருக்கு ஒரு பிடி மண் போட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

செய்தி அன்று காலையிலேயே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. ஊர்வலம் போகும்போது கடைக் கதவுகளைப் பாதி இறக்கிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்களாம். அந்தக் குழுவில் எங்கள் எண் இல்லை. ஜனவரியில் பதிவேட்டைப் புதிதாக எழுதியபோது, கடையை மூடியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டீர்கள். உரிமம் எடுத்துக் கடை நடத்துகிறவர்தான் உறுப்பினர் என்பது விதி. எங்கள் உரிமம் 2022 டிசம்பரோடு முடிந்தது. பதிவேட்டில் பெயர் போனதும் குழுவிலிருந்த எண்ணும் போயிருக்கிறது. விதியை மீறி நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை. செயலாளர் தம்பி, பாடசாலைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று வடை கேட்ட பிள்ளை. மனமறிந்து எங்களை ஒதுக்கியிருக்க மாட்டார். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அது ஆறட்டும் என்று சில நாட்கள் பொறுத்திருந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த விதியை மாற்றுங்கள். கடையை மூடியவர்களுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் கொடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் இப்போது கடை வைத்திருக்கும் தம்பிமார் பலருக்கு எங்கள் கடையைக் கொத்து ரொட்டிக்கும் மாலை வடைக்கும்தான் தெரியும். அதற்கு முன்பே அது வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. 1884இல் ஹட்டன் வரைக்கும், மறு வருடம் நானுஓயா வரைக்கும் ரயில் பாதை ஏறியது. தேயிலைப் பெட்டி ஏற்றவும் அரிசி மூட்டை இறக்கவும் நின்ற இடங்களில்தான் நம் ஊரைப் போன்ற ஊர்கள் முளைத்தன. ஸ்டேஷனுக்கு ஏறும் படிக்கட்டின் ஓரத்தில் 1958இல் என் மாமனார் கடை போட்டார். பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அது படிக்கட்டுக் கடை. நான் 1984இல் பொகவந்தலாவையிலிருந்து மருமகளாக வந்தபோது, அந்தக் கடையில் எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அடுப்பை அல்ல, கடிதத் தட்டை.

சோடாப் பெட்டிப் பலகையில் மாமனாரே அடித்த தட்டு அது. காசு மேசைக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தது. பதினோரு அறைகள், தோட்டத்துக்கு ஒன்று. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு, எப்போதோ வீட்டுக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் நம் மக்கள் டவுனில் இருக்கும் ஒரு கடையின் பெயரை எழுதி, முன்னால் 'மே/பா' (மேற்பார்வை, அதாவது அந்தக் கடை மூலம்) என்று போட்டார்கள். பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கடிதம், மத்திய கிழக்குக்குப் போன மகள் எழுதியது, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் எழுதியது, எல்லாம் அந்தத் தட்டில் வந்து உட்காரும். தோட்டத்திலிருந்து யார் தேநீர் குடிக்க வந்தாலும், என் மாமனார் முதலில் அந்த அறையைத் திரும்பிப் பார்ப்பார். பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார்.

அந்தத் தட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மக்களில் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்தன. போகிறவர்களையோ இருக்கிறவர்களையோ யாரும் கேட்கவில்லை. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நிற்கும்வரைக்கும், நம் ஸ்டேஷனிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறிப் போனார்கள். அக்காள் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் கடையில் உட்கார்ந்து, சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து, கடை விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போவார்களாம். லயத்து அறை மாறும், தோட்டம் கைமாறும், கடை இருக்கும் என்ற நம்பிக்கை.

போன வருடம் ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை நடத்தும் தம்பி, நாங்கள் வந்திருப்பதைப் பார்த்து ஓடிவந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை என் கையில் வைத்தார். பதினான்கு கடிதங்கள். தூக்கிப் போட மனம் வராமல் மேசை அறையில் போட்டு வைத்திருந்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பெரும்பாலானவை வங்கியும் காப்புறுதியும். ஒன்று மட்டும் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து வந்திருந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. தன் அம்மா இறந்துவிட்டதாகவும், இந்தக் கடைக்கு எழுதினால் சித்திக்குப் போய்ச் சேரும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் ஒரு பெண் எழுதியிருந்தார். மேலே சித்தியின் பெயர், தோட்டத்தின் பெயர், 'மேல் டிவிஷன்'. அவ்வளவுதான்.

என் கணவர் உறையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாசித்தார். "பத்தாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. அந்த அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. மகன் புது வீட்டுத் திட்டத்துக்கு மாறிவிட்டான்" என்றார். எந்தக் கணினியிலும் அந்த விவரம் இல்லை. கிராம உத்தியோகத்தரைக் கேட்டாலும் உடனே சொல்லியிருக்க மாட்டார். இவர் தலையில் அது இருந்தது, ஏனென்றால் அந்த மகன் ஐந்து வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்த பிள்ளை. ஆட்டோ பிடித்து இருவரும் போனோம். கடைசி அரை மைல் நடை. கடிதத்தின் அடியில் எழுதியிருந்த எண்ணுக்கு அங்கிருந்தே பேசினார்கள். கோத்தகிரிப் பெண் முதலில் கேட்டது என்ன தெரியுமா? பத்தாம் நம்பர் லயத்துப் பீலியில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்று. அவர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. அவருடைய அம்மா சொன்ன பீலி அது. வருகிறது என்று சொல்லி, அந்த மகன் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போய், தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்க வைத்தார்.

இப்படி எத்தனை கடிதங்கள் திரும்பிப் போயிருக்கும்? "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் போதும். கடைதான் மூடியது. விலாசதாரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே என்று தெரிந்தவர்களும் இருக்கிறோம்.

சம்பள நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் 10ஆம் திகதி தோட்டத்துப் பெண்கள் கைப்பிள்ளையோடு டவுனுக்கு வருவார்கள். வங்கி வரிசை, நகைக்கடை வரிசை, மருந்து, அரிசி, பாடசாலைச் சப்பாத்து, அதற்குள் ஒரு நாள் போய்விடும். பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று இந்தத் தெருவில் யாரும் யோசித்ததில்லை. எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருந்தது. பாயும் தலையணையும் கிடக்கும். பால் கொடுக்கிறவர்கள் அங்கே இருப்பார்கள். பக்கத்தில் மலசலகூடம். சாப்பிட்டால்தான் உள்ளே போகலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சம்பள நாளில் அந்தத் தண்ணீர்த் தொட்டியை நான் மூன்று தடவை நிரப்புவேன். இப்போது அந்தப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வந்து போகிறார்களாம். என்னிடம் அவர்களே சொன்னார்கள். இது நகர சபையிடமும் கேட்க வேண்டிய விஷயம், அதை வேறு மடலில் எழுதுகிறேன். ஆனால் நம் சங்கத்தில் இதை எடுத்துப் பேச, இது தெரிந்த ஓர் ஆள் கூட்டத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

கடையை ஏன் மூடினோம் என்று பலர் இன்னும் கேட்கிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வாங்கும் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 செப்டெம்பரில் 1493 ரூபாய். 2022 ஏப்ரல் முடிவில் 4860 ரூபாய். அதுவும் கிடைத்தால். மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினோம். 2022 ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கோதுமை மாவின் விலை வாரத்துக்கு வாரம் மாறியது. 2021 மார்ச்சில் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது நாங்களும் சேர்ந்து மகிழ்ந்தோம். அடுத்த வருடமே ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வந்து ஒரு ரொட்டியை மூன்றாகப் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன். அவர்களிடம் நான் எந்த விலையைச் சொல்வது? கட்டட வாடகையும் ஏறியது, எங்கள் வயதும் ஏறியது. 2022 டிசம்பர் கடைசி நாள் கதவை இறக்கினோம். ஹட்டனில் மகளோடு இருக்கிறோம்.

அன்றைக்குக் கடன் கொப்பியில் 61 பெயர்கள் இருந்தன. என் கணவர் யாரையும் தேடிப் போய்க் கேட்கவில்லை. இதுவரை 49 பேர் தாங்களாகவே கொண்டுவந்து தந்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பையன், இறந்துபோன தன் அப்பாவின் பேரில் இருந்த 850 ரூபாயைக் கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான். கடை மூடிய ஒருவருக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும்? அவர்கள் கொடுத்தார்கள். அவர்கள் கணக்கில் நாங்கள் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறோம்.

டித்வா புயலின் நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசி வாரம். மழை விடவில்லை, மலை சரிந்தது, மின்சாரம் போனது, தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எழுபத்திரண்டு வயது. நான் தடுத்தேன், கேட்கவில்லை. "அண்டா இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியும்" என்றார். லொறியில் பாதி வழி, மண் விழுந்து கிடந்த இடத்திலிருந்து மீதி வழி நடை. கடையை மூடும்போது இரண்டு பெரிய அண்டாக்களையும் இரும்புத் தாச்சியையும் விற்க மனமில்லாமல் கோயில் மண்டபத்துப் பின்னறையில் வைத்திருந்தோம். பாடசாலையில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அரிசி வந்து சேர்ந்திருந்தது. பருப்பும் இருந்தது. இருநூற்றைம்பது பேருக்கு ஒரே நேரத்தில் வடிக்கத்தான் ஆள் இல்லை.

மறுநாள் பாதை கொஞ்சம் திறந்ததும் நானும் போய்ச் சேர்ந்தேன். நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் பத்து. விறகு எல்லாம் நனைந்து புகைந்தது. கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, எங்கே காய்ந்து கிடக்கும் என்று கேட்டுக் கேட்டு, ஒரு தோட்டத்துக் கொட்டகையின் கூரைக்கடியில் கிடந்ததைச் சுமந்து வந்தார்கள். மிலாறு சடசடவென்று பிடித்துச் சீக்கிரம் எரிந்துவிடும், பக்கத்தில் ஒருவர் நின்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பேக்கரியில் வேலை செய்யும் சிங்களத் தம்பி இரவு முழுவதும் நின்று போட்டார். பள்ளிவாசலிலிருந்து தேங்காயும் கருவாடும் வந்தன. ஐந்து நாட்கள் சமைத்தோம். சங்கத்துத் தலைவரே வந்து வாளி தூக்கினார். அங்கே உரிமம் இருக்கிறதா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. அது முடிந்து ஒன்றரை மாதத்தில் பெயர் எடுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அந்தக் கோபம் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. நம் தெருவிலிருந்து போனவர்களை எண்ணிப் பாருங்கள். பழைய பேக்கரி முதலாளி மாத்தறைக்குப் போய்விட்டார். வெசாக் நாளில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலுக்கு அவர் மாவும் சீனியும் தருவார், எங்கள் அடுப்பில் வேலை நடக்கும். இன்றும் வெசாக் அன்று தொலைபேசியில் பேசி, தன்சல் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார். துணிக்கடை நானா அக்குறணையில் மகன் வீட்டில் இருக்கிறார். நம் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் எந்த வருடம் என்று அவரைக் கேட்டால் சேலையின் நிறத்தோடு சொல்வார். சலூன்காரர் அண்ணன் திருச்சியில். தெருவின் நல்லது கெட்டது தெரியாமல் இவர்கள் ஒவ்வொருவரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். ஒரு செய்தி போட்டால் போதும். அவர்களில் வர முடிந்தவர் வருவார். முடியாதவர் அந்த நேரத்தில் எழுந்து நின்று ஒரு விளக்கு ஏற்றுவார்.

கூட்டத்தில் சிலர் எதிர்த்துப் பேசக்கூடும். கடை இல்லாதவர்களுக்குச் சங்கத்தில் என்ன வேலை, பழையவர்கள் வந்தால் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார்கள், வாடகை விஷயத்திலும் நடைபாதைக் கடை விஷயத்திலும் அந்தக் காலம் மாதிரி இல்லை என்று குறை சொல்வார்கள் என்று. அதில் உண்மை இருக்கிறது. வயதானவர்களுக்கு அந்தக் குணம் உண்டு, என் கணவருக்கும் உண்டு. அதனால் வாக்குரிமை வேண்டாம். பதவி வேண்டாம். சங்கத்துப் பணத்தில் ஒரு ரூபாயைப் பற்றியும் நாங்கள் பேச உரிமை கேட்க மாட்டோம். சந்தாவை நீங்கள் கட்டுவது போலவே கட்டுகிறோம். இப்போது கடை நடத்துகிறவர்களின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும், தீர்மானம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். பதிவேட்டில் 'முன்னாள் கடைக்காரர்கள்' என்று ஒரு பக்கம். சாவு, கல்யாணம், கோயில் திருவிழா, ஆபத்து என்றால் எங்களுக்கும் ஒரு செய்தி. அதோடு கடிதங்கள். மூடிய கடைகளின் விலாசத்துக்கு வருகிற கடிதங்களைத் திருப்பி அனுப்பாமல் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும்படி தபால்காரத் தம்பியிடம் சங்கத்தின் பெயரில் சொல்ல முடியுமா? நாங்கள் சொன்னால் அது ஒரு கிழவன் கிழவியின் வேண்டுகோள். சங்கம் சொன்னால் அதற்கு எடை உண்டு. மாமனாரின் தட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. இரண்டு அறைகளின் அடிப்பலகை மட்டும் கறையான் தின்றுவிட்டது, மாற்றிவிடலாம். சங்கத்து அறையின் சுவரில் ஓர் ஆணி அடிக்க அனுமதி தந்தால் கொண்டுவந்து மாட்டுகிறோம். பிரித்து அடுக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம். எந்தக் கடிதம் எந்த டிவிஷனுக்கு என்று, எங்களுக்குப் பிறகும் தெரிந்திருக்க வேண்டுமே. ஆகவே பக்கத்தில் நின்று பழக இளம்பிள்ளை ஒருவரையும் அனுப்பி வையுங்கள். தொலைபேசிக் கடைத் தம்பிக்கு விருப்பம் இருப்பது போல் தெரிகிறது.

தையல்கடை மாமாவின் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். அத்தை எங்களைக் கண்டதும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், மாமா தைத்து முடிக்காமல் விட்டிருந்த ஒரு சட்டையை எடுத்து வந்து என் கணவரிடம் காட்டினார். அளவு இவருடையது. தைப்பொங்கலுக்கு என்று வெட்டி வைத்திருக்கிறார், கை நடுங்கியதால் நின்றுபோயிருக்கிறது. ஒரு கை மட்டும் பொருத்தவில்லை.

வருகிற 10ஆம் திகதி காலை பஸ்ஸில் வருகிறோம். சம்பள நாள் என்பதால் தெருவில் எல்லோரும் இருப்பீர்கள். அண்டா ஒன்றின் காது கழன்றிருக்கிறது, பற்ற வைக்கக் கொடுக்க வேண்டும். கோயில் மண்டபத்துச் சாவியை ஐயரிடம் வாங்கி வைக்கும்படி செயலாளர் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
படிக்கட்டுக் கடையம்மா
ஹட்டன்